ராத்திரி டெசர்ட்டுக்குப் பதிலா ஒரு கப்: காஃபீன் இல்லாத இனிப்பு வாசனை டீ போடுறதும் ருசி பார்க்கிறதும்

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் வாய்க்கு ஏதாச்சும் இனிப்பா வேணும்னு தோணுற ஆளுங்களுக்கும், ஏழு மணிக்கு மேல காபி குடிச்சா நடுராத்திரி வரைக்கும் விட்டத்தைப் பார்த்துட்டு படுத்திருக்கிற ஆளுங்களுக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். வெனிலா, கேரமல், ஆப்பிள் பை, சாக்லேட், கோக்கனட்னு டெசர்ட் பேர்ல காஃபீன் இல்லாத மூலிகை டீ இப்ப சூப்பர் மார்க்கெட்ல ஆன்லைன்ல எல்லாம் நிறைய கிடைக்குது, ஆசையா வாங்குறவங்கள்ல பாதி பேர் ஒரு தடவை போட்டுட்டு, வாசனை மட்டும்தான் இருக்கு வாய்ல ஒண்ணும் இல்லன்னு டப்பாவை ஷெல்ஃப்ல பின்னாடி தள்ளிடுறாங்க. பெரும்பாலும் டீ நல்லாத்தான் இருக்கும், க்ரீன் டீக்கு சொன்ன ரூல்ஸை இதுக்கும் போட்டு ரெண்டு நிமிஷத்துல பையை எடுத்துடுறதாலதான் இப்படி ஆகுது. இதுக்கு போடுற முறையே வேற, குடிக்கிற முறையும் வேற.

மேல படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. வெனிலா வாசனை உள்ள எந்த மூலிகை டீயா இருந்தாலும் சரி, சக்கரை இல்லாம போட்டு, குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் மூக்கை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் எடுத்து முழுங்காம நாக்குல வைங்க. சூடு தெரியும், லேசா துவர்ப்பு தெரியும், அவ்வளவுதான். இப்ப முழுங்கிட்டு மூக்கை விடுங்க. டக்குனு வெனிலா தொண்டைக்குப் பின்னாடி இருந்து மேல ஏறும், வாயே இனிச்சுப் போன மாதிரி ஆகிடும், ஆனா சக்கரை ஒரு துளி கூட அதுல கிடையாது. ஜலதோஷம் பிடிச்சா ரசம் சப்புனு இருக்கிறதும் இதே காரணத்தாலதான், நாம ருசின்னு சொல்றதுல பெரும் பங்கு தொண்டை வழியா மூக்குக்குப் போற வாசனைதான். வெனிலா, ஏலக்கா, பட்டை இதையெல்லாம் சின்ன வயசுலேர்ந்து இனிப்போடயே சேர்த்து சாப்பிட்டுப் பழகினதால மூளை அந்த வாசனையையே இனிப்பு கணக்குல எழுதிக்குது. அதனால இந்த டீல நம்ம வேலை முழுக்க அந்த வாசனையை தண்ணில நல்லா இறக்கி, மூக்குக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் காப்பாத்துறதுதான். கீழ சொல்ற எல்லாமே அதுக்காகத்தான்.

காஃபீன் விஷயத்தை முதல்லயே தெளிவு பண்ணிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரும் ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல, 150 மில்லி காபில 80 முதல் 120 மில்லிகிராம் வரைக்கும், இன்ஸ்டன்ட் காபில 50 முதல் 65, டீல 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் இருக்குன்னு சொல்லிட்டு, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேணாம்னும் சொல்லியிருக்காங்க. குடிச்ச காஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியா 5 மணி நேரம் ஆகும், கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும், அப்போ ராத்திரி 8 மணி காபி நடுராத்திரிக்கு மேலயும் உள்ள வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கும். டீகாஃப்னு எழுதியிருந்தா காஃபீனை எடுத்திருக்காங்க, ஆனா கொஞ்சம் மிச்சம் தங்கும். காஃபீன் ஃப்ரீன்னா அந்தச் செடில இயற்கையாவே காஃபீன் இல்லன்னு அர்த்தம். இங்க ஒரு சிக்கல் இருக்கு, சாக்லேட் ஃப்ளேவர் மூலிகை டீன்னு வர்ற பாக்கெட்ல கோக்கோ துண்டு, கோக்கோ தோல் போட்டிருப்பாங்க, அதுல கொஞ்சம் காஃபீன் உண்டு, காஃபீன் மாதிரியே லேசா சுறுசுறுப்பு கொடுக்கிற தியோப்ரோமினும் உண்டு. சிலதுல யெர்பா மாத்தே (yerba mate)ன்னு தென் அமெரிக்கா இலை ஒண்ணு சேர்ப்பாங்க, அதுல நல்லாவே காஃபீன் இருக்கு. முன்பக்கம் பூ படம் போட்டு பின்பக்கம் க்ரீன் டீ சேர்த்த பாக்கெட்டும் இருக்கு. அதனால பின்னாடி இருக்கிற இன்க்ரீடியன்ட்ஸை படிச்சுட்டுத்தான் கூடைல போடணும், எது அதிக எடையோ அது முதல்ல வரும், அந்த முதல் பேருதான் நீங்க உண்மையா குடிக்கப் போற டீ.

நான் அடிச்சு சொல்றது ஒண்ணுதான், ஃப்ளேவர் பேரைப் பார்த்து வாங்காதீங்க, பேஸை, அதாவது டீக்கு அடிப்படையா இருக்கிற செடியைப் பார்த்து வாங்குங்க. எலுமிச்சைப் புல்லு மேல கேரமல் எசன்ஸ் தெளிச்சா கேரமல் வராது, எலுமிச்சைப் புல்லும் போயிடும். டெசர்ட் ஃப்ளேவர்க்கு பேஸ்லயே கொஞ்சம் இனிப்பு வாசனை, கொஞ்சம் கனம் இருக்கணும், அப்படிப் பார்த்தா முதல் இடம் ரூயிபாஸுக்குத்தான்.

ரூயிபாஸ் தென் ஆப்பிரிக்காவோட மேற்கு கேப் பகுதில, செடர்பெர்க் மலையைச் சுத்தி, கிளான்வில்லியம்னு ஒரு ஊர் இருக்கு, அந்தப் பக்கம் விளையுற புதர்ச்செடி. நம்ம துவரை, உளுந்து எல்லாம் இருக்கிற அதே பயறு குடும்பம். மெல்லிசா நீளமா இருக்கிற இலையையும் இளங்குச்சியையும் வெட்டி, பொடியா நறுக்கி, நசுக்கி, தண்ணி தெளிச்சு குவியலா போட்டு ராத்திரி முழுக்க விட்டுடுவாங்க, பச்சையா இருந்தது காத்துல ஆக்சிஜன் பட்டு சிவந்து தேன் வாசனை வர ஆரம்பிக்கும், அப்புறம் வெயில்ல பரப்பிக் காய வைப்பாங்க. சிவக்க விடாம அப்படியே காய வச்சா அது க்ரீன் ரூயிபாஸ், உடம்புக்கு நல்லதுன்னு அதிக விலைக்கு விப்பாங்க, ஆனா டெசர்ட் டீக்கு அது சரிப்படாது, புல் வாசனை தூக்கலா இருக்கும், சிவப்பைத்தான் வாங்கணும். இந்தச் செடியோட பயனை முதல்ல தெரிஞ்சு வச்சிருந்தவங்க அந்த ஊர் கோய், சான் மக்கள், அவங்க அறிவை வச்சுத்தான் இத்தனை வருஷம் வியாபாரம் நடந்துச்சு, 2019லதான் ரூயிபாஸ் தொழில்துறை அவங்களோட ஒப்பந்தம் போட்டு பண்ணை விலைல 1.5 சதவீதம் அவங்களுக்குத் தர ஒத்துக்கிட்டாங்க. 2021ல ஐரோப்பிய யூனியன் இந்தப் பேருக்கு புவிசார் பாதுகாப்பும் கொடுத்துடுச்சு. அந்த ஒப்பந்தம் எவ்வளவு லேட்டுன்னு நினைச்சா மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனாலும் நடந்தது பெரிய விஷயம்.

டீ போடுறவங்களுக்கு ரூயிபாஸ்ல என்ன லாபம்னா, துவர்ப்பு கொடுக்கிற டானின் கம்மி. சாதா டீத்தூளை பத்து நிமிஷம் கொதிக்க விட்டா கசந்து வாயே காஞ்சு போகும், இதை பத்து நிமிஷம் என்ன, சிம்ல வச்சு அதுக்கு மேலயும் விடலாம், கசக்காது, இன்னும் கனமாத்தான் ஆகும். நிறைய பேர் கவனிக்காத விஷயம் இது. ரெண்டு நிமிஷத்துல எடுத்தா வர்றது வெறும் நிறம்தான், ருசி அஞ்சாவது நிமிஷத்துக்கு மேலதான் இறங்க ஆரம்பிக்கும்.

அடுத்து ஹனிபுஷ், இதுவும் அதே நாடுதான், ஆனா வேற செடி, பூவே தேன் வாசனை அடிக்கும், டீல அந்தத் தேனும் உலர்ந்த ஆப்ரிகாட் மாதிரி ஒரு பழ வாசனையும் வரும், ரூயிபாஸ்ல இருக்கிற மர வாசனை பிடிக்காதவங்களுக்கு இது நல்லா செட் ஆகும், இங்க கிடைக்கிறது கொஞ்சம் கஷ்டம். நம்ம ஊர்ல ஈஸியா கிடைக்கிற பேஸ்னா வறுத்த சிக்கரி. காபிக்குக் கலக்கிற அதே சிக்கரிதான், அது ஒரு செடியோட வேர், அதுல காஃபீன் சுத்தமா கிடையாது, வறுக்கும்போது உள்ள இருக்கிற இன்யூலின்ங்கிற நார்ச்சத்து கருகி கேரமல் வாசனை கொடுக்குது. காபி அரைச்சுக் கொடுக்கிற கடைல சிக்கரி மட்டும் தனியா 50 கிராம் கேட்டு வாங்குங்க, நம்ம ஃபில்டர்லயே டிகாஷன் இறக்கலாம். முதல் தடவை கம்மியா போடுங்க, சிலருக்கு இன்யூலின் வயித்துல கேஸ் பண்ணும். சாக்லேட் பக்கம் போகணும்னா கரோப் பொடி, மத்தியதரைக்கடல் பக்கம் வளர்ற மரத்தோட காய், வறுத்து அரைச்சா கோக்கோ சாயல் வரும், காஃபீன் பயம் இல்ல. பிஸ்கட், பாப்கார்ன் வாசனை வேணும்னா பச்சரிசியை வெறும் சட்டில நல்லா சிவக்க வறுத்து ஒரு ஸ்பூன் போடுங்க, கொரியால வறுத்த அரிசித் தண்ணியை டீயாவே குடிக்கிறாங்க, நம்ம அடுப்படில எப்பவும் இருக்கிற பொருள்தானே.

கெமோமைல் ஆப்பிள் வாசனை, தனியா போட்டா மெல்லிசா அழகா இருக்கும், ஆனா கேரமலோட சண்டை போடும். ஹைபிஸ்கஸ்னு பாக்கெட்ல போட்டிருக்கிறது வாசல்ல பூக்கிற செம்பருத்தி கிடையாது, புளிச்சக்கீரை வகையைச் சேர்ந்த ரோசெல் செடில காயை மூடி நிக்கிற சதைப்பத்தான சிவப்பு இதழ், நல்ல புளிப்பு. பெர்ரி சீஸ்கேக்னு பேர் போட்ட பாக்கெட்ல முதல் பேரா ஹைபிஸ்கஸ் இருந்தா அது புளிப்பு டீதான், பால் ஊத்தினா திரிஞ்சிடும்.

சரி, போடுறதுக்கு வருவோம். 200 மில்லி தண்ணிக்கு ரூயிபாஸ் இரண்டரை முதல் மூணு கிராம், ஃப்ளேவர் சேர்த்த பிளெண்டுன்னா மூணரை வரைக்கும் போகலாம், ஏன்னா அதுல ஆப்பிள் துண்டு, பூ இதழ்னு எடைல கொஞ்சம் போயிடும். வீட்ல சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா அதுல நிறுத்துப் போடுங்க, ஸ்பூன் கணக்கு இங்க ஏமாத்தும், ரூயிபாஸ் பொடியா அடங்கி உட்காரும், கெமோமைல் பூ பொங்கி நிக்கும், ஒரே ஸ்பூன்ல எடை ரெண்டு மூணு மடங்கு மாறும். தராசு இல்லன்னா ரூயிபாஸுக்கு ஒரு டீஸ்பூன் கொஞ்சம் குவிச்சு, கெமோமைலுக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன். டீ பேக் வாங்கினவங்க 200 மில்லிக்கு ஒண்ணுன்னா மெல்லிசாத்தான் வரும், ரெண்டு போடுங்க, இல்ல தண்ணியை 120க்கு குறைங்க.

தண்ணி நல்லா தளதளன்னு கொதிக்கணும். க்ரீன் டீக்கு ஆற வச்சு ஊத்துற பழக்கத்தை இங்க விட்டுடுங்க, வேர், பட்டை, காஞ்ச பழம், ரூயிபாஸ் எதுவும் அரை சூட்டுக்கு அசையாது. எந்தத் தண்ணிங்கிறதும் முக்கியம், போர் தண்ணி கடினமா இருந்தா வாசனை மங்கிடும், மேல ஒரு மெல்லிசு ஏடு வேற படியும், ஹைபிஸ்கஸா இருந்தா சிவப்பு போய் ஊதாவா மங்கலா ஆகிடும். ஆர்ஓல டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவை, ரொம்ப குறைச்சு வச்சிருந்தா டீ தட்டையா இருக்கும், அப்போ ஆர்ஓ தண்ணில கொஞ்சம் வடிகட்டின குழாய்த் தண்ணியை காய்ச்சி கலந்துக்கலாம்.

தண்ணி ஊத்தினதும் உடனே மூடுங்க. சாசர், தட்டு எதுவா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா மூடணும். ஆறேழு நிமிஷம் கழிச்சு அந்தத் தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தை மோந்து பாருங்க, அதுல முத்து முத்தா நிக்கிற தண்ணில வெனிலா வாசனை கப்புல இருக்கிறதை விட தூக்கலா அடிக்கும், மூடாம வச்சிருந்தா அது மொத்தமும் ரூம்ல பறந்து போயிருக்கும். தட்டை கப்பு மேல ஒரு தட்டு தட்டி அந்தச் சொட்டையெல்லாம் உள்ளயே விழ வச்சிடுங்க. நேரம்னு பார்த்தா ரூயிபாஸ், ஹனிபுஷ் 7 முதல் 10 நிமிஷம், கெமோமைல் 5, ஹைபிஸ்கஸ் 5, பட்டை, அதிமதுரம், காஞ்ச ஆப்பிள் இருந்தா மூடி வெறுமனே ஊற வைக்கிறதை விட சட்டில போட்டு சிம்ல 10 நிமிஷம் விடுறதுதான் சரி. சாதா டீ வடிகட்டில ரூயிபாஸ் தூள் நழுவி வந்துடும், கண்ணி ரொம்ப சின்னதா இருக்கிற வடிகட்டி வாங்குங்க, இல்லன்னா மெல்லிசு பருத்தித் துணி போதும். உருண்டையா சங்கிலியோட வர்ற டீ பால் வேணாம், உள்ள இலை விரிய இடமே இருக்காது.

ருசி பார்க்கிறதுக்கு தொழில்ல இருக்கிறவங்க ஒரு பொதுவான கணக்கு வச்சிருக்காங்க, சர்வதேச தர அமைப்பான ஐஎஸ்ஓவோட ஐஎஸ்ஓ 3103ன்னு ஒரு ஸ்டாண்டர்டு, 1980ல வந்தது, 100 மில்லி கொதிக்கிற தண்ணிக்கு 2 கிராம், 6 நிமிஷம், வெள்ளை பீங்கான் பாத்திரம். இது நல்ல டீயா போடுற ரெசிபி கிடையாது, எல்லா டீயையும் ஒரே மாதிரி போட்டு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுறதுக்கான முறை. வீட்ல ரெண்டு மூணு பாக்கெட் இருந்தா இதே மாதிரி ஒரே நேரத்துல பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாருங்க, தனித்தனியா வேற வேற நாள் குடிச்சா வித்தியாசம் பிடிபடவே பிடிபடாது, சேர்த்து வச்சா எது எசன்ஸ், எது உண்மையான வெனிலான்னு ரெண்டு வாய்ல தெரிஞ்சிடும்.

முதல்ல காஞ்ச இலையை மோந்து பாருங்க, அப்புறம் வடிகட்டினதும் சூடா இருக்கிற ஈர இலையை மோந்து பாருங்க. காஞ்சதுல தூக்கலா இருந்து ஈரத்துல காணாம போச்சுன்னா மேல தெளிச்ச வாசனைதான் அது, பேஸ்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஸ்பூன்ல எடுத்து சர்ருனு சத்தம் வர்ற மாதிரி காத்தோட உறிஞ்சுங்க, வீட்ல சொல்லிக் கொடுத்த மேனர்ஸை அஞ்சு நிமிஷம் மறந்துடுங்க, காத்து கலந்தாதான் வாசனை தொண்டை வழியா மேல ஏறும். ஒரே கப்பை மூணு சூட்டுல குடிக்கிறது முக்கியம். நல்ல சூட்டுல ஏலக்கா, ஆரஞ்சு தோல் இந்த மாதிரி மேல பறக்கிற வாசனைதான் தெரியும். வெதுவெதுன்னு ஆனதும் வெனிலா, கேரமல், தேன் எல்லாம் முன்னாடி வரும், டெசர்ட் டீ அதோட உச்சத்துல இருக்கிறது இந்த இடத்துலதான், அதனால அவசரப்பட்டு சூடா குடிச்சு முடிக்காதீங்க. முழுசா ஆறினதும் குறை எல்லாம் வெளிய வந்துடும், செயற்கை வாசனையா இருந்தா சோப்பு, நெயில் பாலிஷ் பக்கம் போகும், மட்டமான ரூயிபாஸ்னா வைக்கோல் வாடை, தூசி வாடை வரும், நல்லதுன்னா ஆறின பிறகும் தேன் நிக்கும். தென் ஆப்பிரிக்காவுல ஸ்டெல்லன்பாஷ் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் ரூயிபாஸுக்குன்னே ஒரு ருசிச் சக்கரம் போட்டிருக்காங்க, தேன், மரம், காட்டுப் பூ, ஆப்ரிகாட், கேரமல்னு ஒரு பக்கம், வைக்கோல், பச்சை வாடைன்னு இன்னொரு பக்கம். நாமளும் அந்த மாதிரி நம்ம சொல்லுலயே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கலாம், நாட்டு சக்கரை, அதிரசப் பாகு, பேரிச்சம்பழம், பழைய புத்தகம், எது தோணுதோ அது, அடுத்த தடவை வாங்கும்போது உதவும்.

அதிமதுரம் சேர்த்த பிளெண்டை குடிச்சா சுலபமா கண்டுபிடிச்சிடலாம், முதல் வாய்ல ஒண்ணும் தெரியாது, முழுங்கின பிறகு நாக்கோட பின்பக்கம் இனிப்பு ஏறி ரொம்ப நேரம் போகாம நிக்கும், நேச்சுரலி ஸ்வீட்னு போட்டிருக்கிற பாக்கெட்ல பெரும்பாலும் இதுதான் இல்லன்னா ஸ்டீவியாங்கிற இனிப்பு இலை. எனக்கு அந்த ஒட்டிக்கிற இனிப்பு வெனிலாவை அமுக்குதுன்னு தோணும், கொஞ்சமா இருந்தா ஓகே.

இனிப்பு சேர்க்கணும்னா முதல் ரெண்டு வாய் சும்மா குடிச்சுட்டு அப்புறம் சேருங்க. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு சிட்டிகைக்கும் கம்மியா, நாலே நாலு பொடி உப்பு போட்டுப் பாருங்க, உப்பு கசப்பை அமுக்கும், இனிப்பு வாசனை தூக்கலா தெரியும், கேரமல், சாக்லேட் வகைக்கு இது கட்டாயம்னே சொல்லுவேன். அப்படியும் வேணும்னா கேரமலுக்கு நாட்டு சக்கரை, வெனிலாவுக்கு வெள்ளை சக்கரை, மசாலா வகைக்கு பனங்கற்கண்டு. கருப்பட்டிக்கு தனி வாசனை ரொம்ப உண்டு, மென்மையான வெனிலாவை அது முழுசா மூடிடும், அதை கீழ சொல்ற வட்டிலப்ப டீக்கு வச்சுக்கோங்க. பால் ஊத்துறதா இருந்தா டீயை ரெட்டை கனமா போடணும், 120 மில்லி தண்ணில 5 கிராம் ரூயிபாஸ் போட்டு மூடி சிம்ல 8 நிமிஷம், வடிகட்டி 80 மில்லி கொதிச்ச பால். பாலோட சேர்த்து முதல்லேர்ந்தே காய்ச்ச வேணாம், தண்ணில இறங்குற அளவுக்கு பால்ல இறங்காது.

இப்ப வீட்லயே கலக்கிற சிலது. வெனிலா ரூயிபாஸுக்கு கடைல வாங்கவே வேணாம், 100 கிராம் சாதா ரூயிபாஸை கண்ணாடி ஜார்ல போட்டு, ஒரு வெனிலா காயை நீளமா கீறி மூணா வெட்டி உள்ள புதைச்சு, இறுக்கி மூடி இருட்டான இடத்துல ரெண்டு வாரம் வைங்க, நடுவுல அப்பப்ப குலுக்கி விடுங்க, காஞ்ச இலை வாசனையை அப்படியே இழுத்துக்கும். ஐஸ்கிரீமுக்கோ கஸ்டர்டுக்கோ உபயோகிச்ச காயா இருந்தாலும் கழுவி நல்லா காய வச்சு போடலாம். எசன்ஸ் ஊத்துறதா இருந்தா அடுப்பை அணைச்ச பிறகு கப்புல ரெண்டு சொட்டு, கொதிக்கும்போது ஊத்தினா பறந்துடும்.

கேரமலுக்கு நான் பண்றது இதுதான். வெறும் சட்டில ஒரு டீஸ்பூன் சக்கரையைப் போட்டு சிம்ல வைங்க, கிண்டாதீங்க, ஓரத்துல உருக ஆரம்பிச்சதும் சட்டியை மட்டும் சாய்ச்சு சாய்ச்சு விடுங்க, தேன் நிறம் தாண்டி செம்மண் நிறத்துக்கு வந்து ஒரு சின்ன புகை வாசனை எட்டிப் பார்க்கிற அந்த நொடில அடுப்பை அணைச்சுட்டு, முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு, சூடான ரூயிபாஸ் டிகாஷனை கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. சீறிக்கிட்டு மேல எழும்பும், கைல தெறிச்சா பொத்துடும், அதனால ஆழமான சட்டியா எடுத்துக்கோங்க. கெட்டியான கேரமல் அடில ஒட்டியிருந்தா மறுபடி சிம்ல வச்சு கரைச்சிடுங்க. ஒரே ஒரு ஸ்பூன் சக்கரைதான், ஆனா கருகின வாசனை சேர்றதால மூணு ஸ்பூன் போட்ட திருப்தி வரும், பால், நாலு பொடி உப்பு சேர்த்தா இதுக்கு மேல டெசர்ட்டே தேவைப்படாது.

சாக்லேட்டுக்கு சிக்கரி டிகாஷன் 50 மில்லி, ஒரு டீஸ்பூன் கரோப் பொடியை கொஞ்சம் வெந்நீர்ல குழைச்சு அதுல கலந்து, சூடான பால் 120 மில்லி, துளி பட்டைப் பொடி. கரோப் அடில படியும், குடிக்கும்போது கலக்கிக்கிட்டே இருக்கணும். ஆப்பிள் பைக்கு காஞ்ச ஆப்பிள் அஞ்சாறு துண்டு, ஒரு இன்ச் பட்டை, ஒரே ஒரு லவங்கம் இதையெல்லாம் 250 மில்லி தண்ணில மூடி பத்து நிமிஷம் சிம்ல விட்டு, அப்புறம் ஹனிபுஷ் இல்ல ரூயிபாஸ் போட்டு அடுப்பை அணைச்சு இன்னும் ஏழு நிமிஷம் மூடி வைங்க. பட்டைல சிலோன் பட்டைதான் இதுக்கு, மெல்லிசு மெல்லிசா சுருட்டி அடுக்கின மாதிரி இருக்கும், கையாலயே நொறுங்கும், வாசனை இனிப்பா மென்மையா இருக்கும். தடியா கட்டை மாதிரி இருக்கிற காசியா பட்டை காரம் தூக்கலா நிக்கும், அதுல கூமரின்ங்கிற பொருளும் அதிகம், தினமும் நிறைய குடிக்கிறவங்களுக்கு லிவருக்கு நல்லதில்ல.

எனக்கு எல்லாத்துலயும் ரொம்ப பிடிச்சது வட்டிலப்ப டீதான். இலங்கைல தேங்காப்பால், கித்துள்ங்கிற பனை வகை மரத்தோட வெல்லம், முட்டை, ஏலக்கா, ஜாதிக்கா போட்டு அவிக்கிற வட்டிலப்பத்தை சாப்பிட்டவங்களுக்கு அந்த வாசனை மறக்காது, அந்த மசாலாவை அப்படியே ரூயிபாஸ் தாங்கும். 150 மில்லி தண்ணில 5 கிராம் ரூயிபாஸ், அப்பத்தான் தட்டின ரெண்டு ஏலக்கா தோலோட, ஒரு லவங்கம், மூடி எட்டு நிமிஷம் சிம்ல, வடிகட்டி கித்துள் வெல்லம் இல்ல கருப்பட்டி ஒரு சின்ன துண்டு கரைச்சு, கடைசியா கெட்டித் தேங்காப்பால் மூணு டேபிள்ஸ்பூன் கலந்து, மேல ஜாதிக்காயை ரெண்டே ரெண்டு இழுப்பு துருவி விடுங்க. தேங்காப்பால் ஊத்தின பிறகு கொதிக்க விடாதீங்க, திரிஞ்சு எண்ணெய் பிரியும். ஜாதிக்கா கூடிப்போனா மருந்து வாடை வந்துடும், அதிகமா உடம்புக்கும் ஆகாது. ஏலக்காவுக்குப் பதிலா ஒரு துண்டு ரம்பை (பாண்டன்) இலையும், சிவக்க வறுத்த அரிசி ஒரு ஸ்பூனும் போட்டா வேற ஒரு ருசி, ரம்பைல இருக்கிற வாசனைப் பொருள்தான் பாஸ்மதி அரிசிலயும் இருக்கு, அதனால அப்பத்தான் இறக்கின பாயசம் கணக்கா மணக்கும்.

ஜில்லுனு வேணும்னா ரெட்டை கனமா சூடா போட்டு ஐஸ் நிறைய போட்ட டம்ளர்ல ஊத்துங்க. பச்சைத் தண்ணில ராத்திரி முழுக்க ஊற வைக்கிற முறையை மூலிகைக்கு நான் சொல்ல மாட்டேன், காஞ்ச பூ, வேர்ல கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, கொதிக்கிற தண்ணி பட்டாதான் பயம் குறையும். சூடா போட்டு ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு நாளைக்குள்ள குடிச்சிடுங்க.

சில பேர் கவனமா இருக்கணும். பிபி இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க அதிமதுரத்தைத் தவிர்க்கணும், அது பிபியை ஏத்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். சாமந்தி வகைப் பூ ஒத்துக்காதவங்களுக்கு கெமோமைலும் ஒத்துக்காம போகலாம், ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடிங்க. ஸ்லிம்மிங் டீன்னு விக்கிறதுல நிலாவரை இலை இருக்கும், அது பேதிக்குக் கொடுக்கிறது, டெசர்ட் டீன்னு நினைச்சு ராத்திரி குடிச்சிடாதீங்க. ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு தேன் கலந்த எதுவும் கொடுக்கக் கூடாது.

வச்சுக்கிற விஷயத்துல ஒண்ணு சொல்லணும், சாம்பார் பொடி, பெருங்காயம் இருக்கிற ஷெல்ஃப்ல இந்த டப்பாவை வைக்கவே வைக்காதீங்க, வெனிலாவை இழுத்துக்கிட்ட அதே இலை பெருங்காயத்தையும் இழுத்துக்கும். தேங்காத் துருவல், பாதாம் சேர்த்த பிளெண்டுன்னா சின்ன பாக்கெட்டா வாங்கி சீக்கிரம் முடிச்சிடுங்க. அதைப் போட்டதும் கப்பு மேல பொட்டு பொட்டா எண்ணெய் மிதக்கும், அது இயல்புதான், ஆனா மூக்குக்கிட்ட கொண்டு போகும்போது பழைய எண்ணெயோட சிக்கு வாடை அடிச்சா தேங்கா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம், அந்த பாக்கெட்டை தூக்கிப் போட்டுடுங்க. கடலோர ஊர்ல இருக்கிறவங்க கெமோமைல் பூவை விரலால நசுக்கிப் பாருங்க, பொடியாகாம வளைஞ்சா ஈரம் ஏறிடுச்சு.

சாதா ரூயிபாஸ் போட்டு வடிகட்டின இலையை உடனே கொட்டிட வேணாம், சட்டில போட்டு பத்து நிமிஷம் சிம்ல விட்டா ரெண்டாவது டிகாஷன் மெல்லிசா வரும். அந்தத் தண்ணில ஜவ்வரிசியை வேக விட்டு, தேங்காப்பாலும் நாட்டு சக்கரையும் சேர்த்துப் பாருங்க, நல்ல செம்பு நிறத்துல தேன் வாசனையோட ஒரு பாயசம் கிடைக்கும்.